நான் எழுதிய பிறந்த தேதி

எங்கள் செவிலியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தார். "அக்கா, புதுசு புதுசா சட்டம் வருது. சின்னப் பொண்ணுங்க எல்லாம் பயந்து போயிருக்குதுங்க. உங்களுக்கு முப்பது வருஷ சர்வீஸ். சட்டத்தோட எப்டி ஒத்துப் போறதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். போனை வைப்பதற்கு முன்னால், "கொஞ்சம் நல்லபடியா முடிச்சிடுங்கக்கா" என்று வேறு சொன்னார்.

எனக்குத் தெரிந்தது நல்லபடியாக முடியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் இஷ்டம்.

நான் கிராம சுகாதார செவிலியர். போளூர் பக்கத்து ஊர்க்காரி. வேலூரில் ஒன்றரை வருஷம் பயிற்சி எடுத்தேன். கீழ்நாட்டில், சமவெளி ஊர்களில், பதினொரு வருஷம் ஊசி போட்டேன். ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவரிடம் வாய் கொடுத்ததால் ஜவ்வாது மலைக்குத் தூக்கிப் போட்டார்கள். தண்டனை மாற்றல் என்று எல்லோரும் பாவம் பார்த்தார்கள். கேழ்வரகுக் களியும் குளிரும் பழகிப் போய், ஓய்வு பெறும்வரை பத்தொன்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டேன்.

எனக்குக் கொடுத்த ஊர்களில் கடைசி ஊர் கடுக்காக்கொல்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். நான் சேருவதற்கு முன்னால் அந்த இடம் நீண்ட நாள் காலியாக இருந்தது. முதல் முறை போனபோது தவழ்கிறதும் நடக்கிறதுமாக ஒன்பது பிள்ளைகள். எல்லாம் வீட்டில் பிறந்தவை. ஒன்றுக்குக்கூடப் பிறப்புப் பதிவு இல்லை.

பிறப்புப் பதிவு எப்படி நடக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் பிள்ளை பிறந்தால் செவிலியர் ஒரு சீட்டு எழுதுவார். பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அப்பா அம்மா யார், அவ்வளவுதான். அந்தச் சீட்டை வைத்து கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் ஏற்றுவார். அவர் மலை ஏறி வந்து பிள்ளையைப் பார்ப்பதில்லை. பிறந்து இருபத்தொரு நாளுக்குள் சொல்லிவிட்டால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு மனு, மனுவுக்குச் சாட்சி, சாட்சிக்கு அடையாள அட்டை. ஒரு தடவை கீழே போய்வர மலைக்காரருக்கு இரண்டு நாள் ஆகும். நாலு தடவையாவது போக வேண்டும். யாரும் போக மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும்.

நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒன்பது பிள்ளைகளும் அந்த மாசமே, புரட்டாசியில், பிறந்ததாகச் சீட்டு எழுதினேன். ஆளுக்கு ஒரு தேதி, இரண்டு மூன்று நாள் இடைவெளி. கிராம நிர்வாக அலுவலர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சிஸ்டர், ஒரே மாசத்துல ஒரே ஊருல ஒம்போது பிரசவமா? மழ நல்லா பேஞ்சுதா?"

"ஏத்திக்கோங்க சார். புள்ளைங்க பள்ளிக்கூடம் போவணும் இல்ல?"

ஏற்றிக்கொண்டார். புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்து நான் தலை நிமிர்ந்து நடந்தேன். அந்த ஒன்பதில் ஒன்று தீர்த்தன் என்பவரின் மகள் காவேரி. அவள் அதற்கு முந்தின வருஷம் சித்திரையில் பிறந்தவள். பதினேழு மாசத்துப் பிள்ளை. என் தேதியைப் போட்ட அன்று என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். என் பேனா அவளுடைய ஒரு வருஷம் ஐந்து மாசத்தை விழுங்கிவிட்டது.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு சட்டம் வந்தது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு எண் வாங்க வேண்டும், அந்த எண் இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது என்றார்கள். பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், மறைத்தால் மறைத்தவர் மேலேயே வழக்கு என்றார்கள். இப்போது வீட்டுப் பிரசவத்துக்கும் போலீஸ் வருகிறது. இந்தச் சட்டங்கள் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணை நாற்பது வயதுக்காரனுக்குக் கட்டி வைத்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பெண்ணை மீட்டது அந்தச் சட்டம்தான். அன்றைக்கு நானே போலீஸ் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வழி காட்டினேன்.

அதனால் ஊர் ஊராகப் போய் ஓதினேன். பதினெட்டு முடியாமல் கல்யாணம் கூடாது, கூடவே கூடாது. கடுக்காக்கொல்லையில் ஒருநாள் ஓதி முடித்ததும் தீர்த்தன் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். பேச்சு குறைவு.

"நர்சம்மா, பதினெட்டு ஆச்சான்னு எங்களுக்கு எப்டிங்க தெரியும்? நாங்க எங்க கணக்கு வெச்சோம்?"

"போலியோ சொட்டு மருந்து போட்டுட்டு உங்க கதவுல சாக்பீசால கோடு போடறேன் இல்ல? அந்த மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு போட்டு வையுங்க" என்றேன். பாதி கிண்டலாகத்தான் சொன்னேன்.

அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்பீசு மழையில் அழிந்துவிடும் என்று வாசல் நிலையில் கத்தியால் கீறினார். மகளுக்குக் கழிந்த சித்திரைகளை விரல் விட்டு எண்ணி, அந்த வருஷங்களையும் சேர்த்து முதல் நாளே கீறி வைத்தார். அப்புறம் ஒவ்வொரு சித்திரைக்கும் ஒரு கீறல். வேறு எந்த வீட்டிலும் இது கிடையாது. ஊரில் அவரைக் கேலி செய்தார்கள். பெண் பதினைந்தாவதில் இருக்கும்போதே மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். மூன்று வருஷம் இழுத்தடித்தார். பதினெட்டாவது கீறல் போட்ட மறு மாசம், வைகாசியில், ஏழுமலை என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார். எனக்குப் பாக்கு வெற்றிலை வைத்து அழைப்பு வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நான் எழுதிய தேதி அன்று எனக்கு நினைவுக்கே வரவில்லை.

தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில், காவேரி மூன்று மாசத்தோடு வந்தாள். ஏழுமலையும் கூடவே. முதல் பிள்ளை என்ற வெட்கம் இரண்டு பேருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நாலு. பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டியது.

"இன்னாடி இது, ஒடம்புல ரத்தமே இல்ல? மாத்திர போதாது. டிரிப்புல மருந்து ஏத்தணும். அடுத்த செவ்வாக்கெழம வந்துடு, அஞ்சு தடவ ஏத்தினா சரியாப் போய்டும்" என்றேன்.

"வர்றேங்க நர்சம்மா. வலிக்குமா?"

"எறும்பு கடிச்சாப்ல இருக்கும்."

கம்ப்யூட்டரில் எண் வாங்க ஆதார் அட்டையைக் கேட்டேன். பிறந்த தேதியை அடித்தேன். திரை சிவப்பாகிவிட்டது. வயது பதினேழு என்று காட்டியது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புரட்டாசி மாசத்துத் தேதி. காவேரி ஒன்றும் தெரியாமல், "பத்தொம்போது நடக்குதுங்க எனக்கு" என்றாள். "தெரியும்டி" என்று சொல்லிவிட்டு, இருவரையும் வெளியே உட்காரச் சொன்னேன்.

எங்கள் வட்டார மருத்துவ அலுவலரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். டாக்டர் என்று மட்டும் சொல்கிறேன். குரலை உயர்த்தாதவர். மேசையில் காகிதங்களின் நாலு விளிம்பும் ஒன்றாக இருக்க வேண்டும் அவருக்கு. பேசிக்கொண்டே இரண்டு கையாலும் தட்டித் தட்டி அடுக்குவார். பச்சை மை பேனாவின் மூடியைக் கழற்றினால் பின்பக்கம் செருக மாட்டார், இடது கைக்குள் பொத்தி வைத்துக்கொள்வார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைப்பார். ஒரு முறை என் பகுதியில் பிறந்த அன்றே ஒரு குழந்தை இறந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். "எடைய எழுதினீங்களா சிஸ்டர்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஆனால் கெட்ட டாக்டர் என்று சொல்ல முடியாது. கை நேர்த்தி. பாம்பு கடித்து வந்த எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறார்.

சாதாரணமாக நம்மை நிற்க வைத்தே பேசுவார். அவர் உட்காரச் சொன்னால் விஷயம் பெரியது. அன்று நான் கதவைத் தட்டி, வயதைச் சொல்லி, தேதி எழுதியது நான்தான் என்று சொல்லி முடித்ததும், "உக்காருங்க சிஸ்டர்" என்றார். டீ சொன்னார்.

"இத வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க."

"அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே பதினெட்டு முடிஞ்சிடுச்சு சார். நான் எழுதிக் குடுத்துடறேன்."

காகிதங்களைத் தட்டினார். "குடுங்க. வாங்கினா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். பொய்யான பதிவுன்னு உங்க மேல விசாரண வரும். இன்னும் பத்து மாசத்துல ரிட்டயர்மென்ட், அது நிக்கும். அது உங்க இஷ்டம். ஆனா ஒம்போது புள்ளைங்களுக்கு இப்படித் தேதி போட்டேன்னு சொல்றீங்க. ஒம்போது பேர் சான்றிதழும் செல்லாம போகும். அதுல ஒரு பையன் பட்டாளத்துக்கு எடுபட்டிருக்கான்னு போன வாரம் நீங்கதான் சாக்லேட் குடுத்தீங்க. அவன எறக்கிவிடப் போறீங்களா?"

டீ வந்தது. குடிக்கச் சொன்னார். குடித்தேன், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை அந்த மேசையில் வைத்துவிட்டு ஒரு டம்ளர் டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.

"பேப்பர்ல இன்னா இருக்கோ அதுக்குத்தான் சிஸ்டர் நாம பொறுப்பு. பேப்பர் படி அந்தப் பொண்ணு மைனர். நாம சொல்லலன்னா நம்ம மேல கேசு. உண்மைய கோர்ட்டு பாத்துக்கும்" என்றார். பேனா மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு அறிக்கையை வரி வரியாகச் சொன்னார். நான் என் கையாலேயே எழுதினேன். 'மேற்படி சிறுமி' என்று எழுதியபோது ஒரு நொடி நின்றேன். "இன்னா?" என்றார். "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த எட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என் பத்து மாசத்துக்காகப் போட்டேன். விசாரணைக் கைதி மாதிரி கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் நிற்க எனக்குப் பயம். வீட்டில், உறவில், போளூரில் தலை காட்ட முடியாதே என்ற பயம்.

வெளியே வந்தேன். காவேரி, "எண்ணு வந்துச்சாங்க?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதற்குள் போலீஸ் போய்விட்டது. ஏழுமலை புளி உலுக்கிக்கொண்டிருந்தானாம். மரத்திலிருந்து இறங்கச் சொல்லி அழைத்துப் போனார்கள். கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலில் போட்டார்கள். காவேரியை மைனர் பெண்களுக்கான அரசாங்க விடுதியில் வைக்க மறுநாள் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தீர்த்தன் அன்று மதியமே மகளைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் இருந்த சாமைக் கொல்லைக் குடிசைக்குப் போய்விட்டார். எங்கே என்று யார் கேட்டாலும் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை; எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

நான் மாத்திரையும் பையுமாக நாலு முறை போனேன். இத்தனை வருஷமாகத் திறந்து கிடந்த கதவுகள் சாத்திக்கொண்டன. பிரசவம் பார்த்துப் பேர் வைத்த வீட்டிலேயே தண்ணீர் கேட்டதற்குச் சொம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள் ஒருத்தி. நல்லது, எனக்கு வேண்டியதுதான்.

ஐந்தாவது முறை, சித்திரை கடைசியில், தீர்த்தன் தன் வீட்டு வாசலில் இருந்தார். அன்றுதான் முதல் முறையாக என்னை நீ என்றார்.

"வா நர்சம்மா. இத எண்ணு."

நிலையைக் காட்டினார். எண்ணினேன். பத்தொன்பது கீறல். கடைசிக் கீறலில் மரம் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"நீ போடச் சொன்னதுதானே? நீ பதினெட்டுன்ன, நான் பதினெட்டு வரைக்கும் வெச்சினு இருந்தேன். ஊரே சிரிச்சுது. இப்போ எங்கூட்டு மாப்ள ஜெயில்ல கெடக்கறான். இன்னா தப்பு பண்ணோம்? அத மட்டும் சொல்லு."

"தப்பு நீங்க பண்ணல. நான் பண்ணேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். புரட்டாசி, ஒன்பது சீட்டு, கிராம நிர்வாக அலுவலர் சிரித்தது, டாக்டர் சொன்னது. அவர் கத்துவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். வெகுநேரம் கீறல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி. இத அப்டியே போலீசுல போய்ச் சொல்லு. மாப்ள வெளிய வரட்டும். அன்னிக்கே எம்பொண்ண நானே தோள்ல தூக்கினு வந்து ஒங்க ஆஸ்பத்திரில வுடறேன்."

"அவளுக்கு ரத்தம் ரொம்பக் கம்மிங்க. அதுவரைக்கும் தாங்காது. இப்பவே அனுப்புங்க, கால்ல வுழறேன்."

"அனுப்புனா புடிச்சினு போய்டுவாங்க. நீ மொதல்ல போய்ச் சொல்லு."

அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு மனிதன் கேட்கக்கூடிய மிக நியாயமான விஷயம் அது. மாத்திரைகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கடிதம் எழுதினேன். மறுநாள் கிழித்தேன். திரும்ப எழுதினேன். மூன்றாவது தடவை எழுதியதை மடித்துத் தடுப்பூசிப் பையின் உள் அறையில் வைத்தேன். வைகாசி முழுவதும், ஆனி முழுவதும் அதைச் சுமந்துகொண்டு அலைந்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்கும். இறங்க மாட்டேன். அடுத்த வாரம் என்பேன். பிரசவத்துக்கு நாள் இருக்கிறதே என்பேன். எனக்கு ஓய்வு பெற நாலு மாசம் என்று விரல் விட்டு எண்ணியதும் அதே பஸ்ஸில்தான்.

ஆடி பிறந்து நாலாம் நாள் காலை பத்து மணிக்கு என் செல்போனுக்கு அழைப்பு. தீர்த்தனின் பக்கத்து வீட்டுக்காரர். "கொழந்த பொறந்துச்சு நர்சம்மா. ரத்தம் நிக்கல. டோலி கட்டித் தூக்கினு வர்றாங்க. நீ ரோட்டாண்ட வா." ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். மூங்கிலில் கம்பளியைக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பளியின் அடிப்பக்கம் ஊறி, வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வந்தது. நான் ஊசி போட்டேன். வயிற்றைப் பிசைந்தேன். கை மாற்றி மாற்றிப் பிசைந்தேன். காவேரிக்கு உதடும் நாக்கும் வெள்ளைத் துணி மாதிரி இருந்தன. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"டிரிப்பு ஏத்துவீங்களா நர்சம்மா?"

"ஏத்தறேன்டி, ஏத்தறேன்."

"அவரு வந்துட்டாரா?"

"வந்துகினே இருக்கறான்" என்றேன். அவளிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

ஆம்புலன்ஸ் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்விட்டாள். ரோட்டோரப் புங்க மரத்தடியில், வெயில் ஏறிய பதினொன்றரை மணிக்கு. குழந்தையைத் தீர்த்தனின் தம்பி மனைவி மடியில் வைத்திருந்தாள். பெண் குழந்தை. நல்ல குரல்.

தாய் இறந்தால் ஒரு தணிக்கைக் கூட்டம் நடக்கும். மாவட்ட அதிகாரிகள் எல்லாம் வட்டமாக உட்காருவார்கள். இறந்தவளின் கதையைக் கட்டம் கட்டமாகத் திரையில் போடுவார்கள். எந்தக் கட்டத்தில் தாமதம் என்று கண்டுபிடிப்பார்கள். டாக்டர் அன்று தெளிவாகப் பேசினார். இளவயதுக் கர்ப்பம், கடும் ரத்தசோகை, குடும்பத்தின் ஒத்துழையாமை, வீட்டுப் பிரசவம். "களப்பணியாளர் அஞ்சு முறை வீடு தேடிப் போயிருக்காங்க, பதிவு இருக்கு" என்று என்னைக் கைகாட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். என் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. மடியில் தடுப்பூசிப் பை. அதற்குள் கடிதம். நான் வாயைத் திறக்கவில்லை.

இறப்பைப் பதிய கிராம நிர்வாக அலுவலரிடம் தீர்த்தனோடு போனேன். பழையவர் போய்ப் புதிய ஆள் வந்திருந்தார். "வயசு?" என்றார். "பத்தொம்போது" என்றார் தீர்த்தன். எழுதிக்கொண்டார். அட்டை கேட்கவில்லை, சான்று கேட்கவில்லை. செத்தவர்களுக்கு வீட்டார் சொல்வதுதான் வயதாம். ஆக, அரசாங்கப் புத்தகத்தில் காவேரியின் வயது சரியாக இருக்கும் ஒரே இடம் அதுதான். பிறப்புச் சான்றிதழ் கணக்குப்படி அவளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் இரண்டு மாசம் இருந்தது.

ஏழுமலைக்கு ஜாமீன் ஆவணியில் கிடைத்தது. வழக்கு நடக்கிறது. ஐப்பசியில் எனக்குச் சால்வை போட்டு, மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். டாக்டர் பேசும்போது, "இவங்க ரெஜிஸ்டர மத்தவங்க பாத்துக் கத்துக்கணும்" என்றார். கைதட்டினார்கள். நானும் கும்பிட்டு நின்றேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வருஷம், சீரியல் பார்த்துக்கொண்டு, முட்டிவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். போன மாசம் என் இடத்துக்கு வந்திருக்கும் புதுச் செவிலியர் போன் செய்தாள். நல்ல பெண், சுறுசுறுப்பு.

"அக்கா, கடுக்காக்கொல்லையில ஒரு கொழந்தைக்குப் பொறப்புப் பதிவே இல்லக்கா. வூட்லயே பொறந்தது, கர்ப்ப எண்ணு இல்ல, அதனால கம்ப்யூட்டர் ஏத்துக்கல. இப்போ ஒரு வருஷமும் தாண்டிடுச்சு. மாஜிஸ்திரேட்டுக்குப் பதிலா இப்போ ஆர்.டி.ஓ.வாம், அவரு ஆர்டர் இல்லாம முடியாதுங்கறாங்க."

"யார் கொழந்த?"

"தீர்த்தன்னு ஒருத்தரு பேத்திக்கா. அம்மா இல்ல போல. ஒரு யோசன தோணுச்சு. பொறந்த தேதிய ஒரு மூணு மாசம் தள்ளிப் போட்டுட்டா ஒரு வருஷத்துக்குள்ள வந்துடும். தாசில்தாரோட முடிஞ்சிடும். பாவம் அவங்க, யாரு அலையறது? மூணு மாசம்தானேக்கா, இன்னா ஆயிடப் போவுது?"

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "அவ அம்மா செத்து மூணு மாசம் கழிச்சு அந்தக் கொழந்த பொறக்குமாடி?" என்று கத்தினேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். பிறகு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதியிருப்பது முழுவதும் முதலில் அவளிடம் சொன்னதுதான்.

கேட்டு முடித்துச் சின்னக் குரலில், "அப்போ ஆர்டர் வாங்கியே ஆகணுங்களா? யாருக்கா அலையறது? அந்தக் கொழந்தையோட அப்பா மாசத்துக்கு ஒரு தடவ கோர்ட்டுக்கே போய்ட்டு வர்றாரு" என்றாள்.

"நான் அலையறேன்" என்றேன்.

மூன்றாவது கடிதம் பையில் கிடந்து மடிப்பு அறுந்துபோயிருந்தது. நாலாவதாக ஒன்று எழுதி ஏழுமலையின் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். என்னைச் சாட்சியாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற எட்டுப் பிள்ளைகளின் சான்றிதழ் என்ன ஆகும், பட்டாளத்தில் இருக்கும் பையன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது. அவனிடம் போனில் சொன்னேன். "இப்போ எதுக்கு நர்சம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். தீர்த்தனிடமும் போய்ச் சொன்னேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் நிலையில் பத்தொன்பது கீறலுக்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, புதிதாக ஒரு கீறல் இருந்தது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்வந்தாயிற்று. நாளை மூன்றாவது. விண்ணப்பத்தில் குழந்தை பிறந்த தேதி என்ற இடத்தில் ஆடி நாலாம் தேதிக்குச் சரியான ஆங்கிலத் தேதியை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, பதிவு தாமதமானதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. மலைக்காரர்களின் விண்ணப்பம் என்றால் அதில் 'அறியாமை' என்று எழுதுவதுதான் வழக்கம். நானே எத்தனையோ பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை அங்கே என் பெயரையும் நான் வகித்த பதவியையும் எழுதியிருக்கிறேன்.